ராடு எத்தனை ஹெச்பி தாங்கும்னு கேக்கறத முதல்ல நிறுத்துங்க

"எத்தனை ஹெச்பி தாங்கும்?" இந்தக் கேள்வியக் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு. டர்போ போட்டு ஒரு பவர்ஃபுல் இன்ஜின் கட்டலாம்னு உக்காந்தா, டர்போவுக்கு, எந்த அழுத்தத்துல எவ்வளவு காத்து தள்ளும்னு காட்டற கம்ப்ரஸர் மேப்பே கிடைக்குது. பிஸ்டனுக்கு எடை, உயரம், ரிங் அளவுன்னு எல்லாம் எழுதிக் குடுக்கறாங்க. பிஸ்டனையும் கீழ சுத்தற கிராங்கையும் இணைக்கற கனெக்டிங் ராடுக்கு வந்தா மட்டும் ஒரே ஒரு நம்பர். 600 ஹெச்பி, 800 ஹெச்பி, 1000 ஹெச்பின்னு பெட்டி மேல கொட்டை எழுத்துல. எந்த ஆர்பிஎம்ல? எவ்வளவு கனமான பிஸ்டனோட? மொத்த இன்ஜினுக்கா, ஒரு ராடுக்கா? ஒண்ணும் கிடையாது. 800ஐ நாலு சிலிண்டருக்குப் பிரிச்சா ஒரு ராடு பங்கு 200, எட்டுக்குப் பிரிச்சா 100. ரெண்டும் ஒண்ணா? விக்கறவரக் கேட்டா "எல்லாரும் இததான் போடறாங்க"ங்கறார். நான் கேட்டது அதுவா?

ராடுக்கு ஹெச்பின்னு ஒண்ணு இருக்கறதே தெரியாதுங்க. அது மேல வர்ற சுமை முக்கியமா ரெண்டுதான். எரியற நேரத்துல பிஸ்டன் தலையில ஏறற அழுத்தம் அத அமுக்கும். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடியற இடத்துல, மேல பறந்துக்கிட்டிருக்கற பிஸ்டன கிராங் பிடிச்சுக் கீழ இழுக்கும். அப்ப ராடு இழுபடும். அந்த நேரத்துல சிலிண்டருக்குள்ள எதிர்த்து அமுக்கற அளவுக்கு அழுத்தம் இருக்காது. அந்த இழுப்பு நேரா போய், ராடோட கீழ் முனைய கிராங்க சுத்தி மூடற கேப்பப் பிடிச்சிருக்கற ரெண்டு போல்ட் மேலதான் விழும்.

கணக்கு போட்டே காட்டறேன். 86 மில்லி போர், 86 மில்லி ஸ்ட்ரோக், 140 மில்லி நீள ராடு. பிஸ்டன், பின், ரிங், ராடோட மேல் முனை எல்லாம் சேத்து 550 கிராம்னு வச்சுக்கங்க. 6500 ஆர்பிஎம்ல அந்த இழுப்பு கிட்டத்தட்ட ஒன்றரை டன். 8000க்கு ஏத்தினா 2.2 டன். ஆர்பிஎம் ஏறினது 23 சதவீதம், இழுப்பு ஏறினது 50 சதவீதம், ஏன்னா அது ஆர்பிஎம்மோட வர்க்கத்துல ஏறும். இந்தக் கணக்குல பூஸ்ட், அதான் டர்போ திணிக்கற காத்தோட அழுத்தம், எங்கயாவது வந்துச்சா? வரல. பூஸ்ட் வேலை காட்டறது அமுக்கற பக்கம். அதே சிலிண்டர்ல உச்ச அழுத்தம் 120 பாருக்குப் போனா பிஸ்டன் தலையில 7 டன் உக்காருது.

இப்ப அந்த 600 ஹெச்பிய எடுத்துக்கங்க. 4500 ஆர்பிஎம்ல 600 ஹெச்பின்னா டார்க், அதாவது கிராங்க சுத்தற முறுக்கு விசை, 950 நியூட்டன் மீட்டர். 9000ல அதே 600 ஹெச்பின்னா 475தான். முதல் இன்ஜின் ராட வளைக்கப் பாக்கும், ரெண்டாவது போல்ட்ட அறுக்கப் பாக்கும். தேவை முழுசா வேற. பெட்டி மேல நம்பர் மட்டும் ஒண்ணு! வயிறு எரியுமா எரியாதா?

இதுல இன்னொரு கொடுமை, "நான் ரெவ் ரொம்ப ஏத்த மாட்டேன், அதனால வண்டியோட வந்த ஸ்டாக் ராடே போதும்"னு சொல்றவங்க. சின்ன டர்போ போட்டு, 2800 ஆர்பிஎம்லயே முழு பூஸ்ட் வர வச்சு, அஞ்சாவது கியர்ல அப்படியே மிதிக்கறது. அந்த வேகத்துல பிஸ்டனோட வேகத்தால வர்ற மேல்நோக்கின விசை ரொம்பக் கம்மி. எரியற அழுத்தத்துல கொஞ்சத்தக் கழிச்சுக் குடுக்கறதே அதுதான். அது இல்லாதப்ப அழுத்தம் முழுசா ராடு மேல இறங்கும். கூடவே நாக்கிங், அதான் எரிபொருள் தாறுமாறா வெடிக்கறது, ஆரம்பிச்சா சொல்லவே வேணாம். ராடு உடையாது, வளையும். வண்டியும் ஓடிக்கிட்டே இருக்கும். ஒரு சிலிண்டர்ல மட்டும் கம்ப்ரஷன் குறையும். உடனே வால்வக் குத்தம் சொல்வாங்க, ரிங்க மாத்துவாங்க, ஹெட் கேஸ்கெட்ட மாத்துவாங்க. அப்படி வந்த ஒரு இன்ஜின்ல ஹெட்டக் கழட்டி, பிளாக் மேல டயல் கேஜ வச்சு, ஒவ்வொரு பிஸ்டனா டாப்புக்குக் கொண்டு வந்து பாத்தேன். மூணு ஒரே உயரம். நாலாவது அரை மில்லி கீழ நின்னுச்சு. கண்ணால பாத்தா அந்த ராடு நேராத்தான் தெரிஞ்சுது. அதுக்குள்ள ஓனர் ஏற்கனவே ரெண்டு கேஸ்கெட்டுக்குக் காசு அழுதிருந்தார்.

அடுத்தது, ராடோட நடுத்தண்டு குறுக்குவெட்டுல எந்த எழுத்து மாதிரி இருக்கணும்னு ஐ-பீமா ஹெச்-பீமா சண்டை. அய்யோ சாமி! "டர்போன்னா ஹெச்-பீம்தான்", "ஐ-பீம்தான் உண்மையான ரேஸ் ராடு"ன்னு ரெண்டு கோஷ்டி, ரெண்டும் வருஷக்கணக்கா கத்திக்கிட்டே இருக்கு. வடிவத்த வச்சு மட்டும் பலம் சொல்ல முடியாதுங்க. குறுக்குவெட்டுல எவ்வளவு உலோகம் எங்க இருக்கு, எப்படி ஃபோர்ஜ் பண்ணினது, மேற்பரப்பு எப்படி, சின்னக் குண்டுகளால மேற்பரப்ப அடிச்சு பலப்படுத்தற ஷாட் பீனிங் ஒழுங்கா ஆச்சா, இதெல்லாம் பாத்துத்தான் சொல்ல முடியும். நல்லா டிசைன் பண்ணின ஐ-பீம் ரொம்பப் பெரிய பூஸ்ட்டத் தாங்கியிருக்கு, மட்டமான ஹெச்-பீம் உடைஞ்சும் போயிருக்கு. எடையக் கேளுங்கன்னா கேக்க மாட்டாங்க, எழுத்தக் கேப்பாங்க.

"4340 ஸ்டீல்"ங்கறதும் அதே கதைதான். என்னமோ அந்த நாலு இலக்கமே கேரண்டி மாதிரி அச்சடிக்கறாங்க. அதே 4340, அனீல் பண்ணி மென்மையா இருக்கறப்ப ஒரு பலம். சூடாக்கி சட்டுன்னு குளிர வச்சு (குவென்ச்), மறுபடி மிதமா சூடாக்கினா (டெம்பர்) ரெண்டு மடங்குக்கு மேல போகும். தேவைக்கு மேல கடினமாக்கினா சின்னக் கீறல்ல இருந்தே விரிசல் ஓடும். ஹீட் ட்ரீட்மென்ட் என்ன, ஹார்ட்னஸ் எவ்வளவு, காந்தம் வச்சு விரிசல் தேடற மேக்னாஃப்ளக்ஸ் பாத்தாங்களா, இதச் சொல்லாம 4340ன்னு மட்டும் சொன்னா என்ன அர்த்தம்? ஈஎன்24ங்கறதும் அதே குடும்ப ஸ்டீல்தான், அதுக்கும் இதே கேள்விதான். பில்லெட், அதான் ஒரே உலோகக் கட்டியில இருந்து வெட்டி எடுத்ததுங்கற வார்த்தையக் கேட்டதும் கண்ண மூடிக்கிட்டு வாங்கறவங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன். அலுமினியம், டைட்டானியம் பக்கம் இப்ப போகல. அலுமினிய ராட டிராக் ரேஸுக்குப் போட்டு, குறிப்பிட்ட ஓட்டத்துக்கு அப்புறம் தூக்கிப் போடறவங்க வேற உலகம். தினமும் ரோட்டுல ஓடற இன்ஜினுக்கு அத சிபாரிசு பண்றவங்க பக்கமே போகாதீங்க.

இத்தனையையும் விட எனக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வர்றது போல்ட் விஷயத்துல. ராடுன்னா பாக்க பளபளன்னு நடுத்தண்டுதான் எல்லார் கண்ணுக்கும் தெரியுது. பிளாக்க உடைச்சுக்கிட்டு வெளிய வந்த ராடுல பெரும்பாலும் முதல்ல போனது கேப் பக்கம்தான். ஏஆர்பிங்கற போல்ட் கம்பெனியோட ஏஆர்பி 2000 உலோகத்துல செஞ்ச போல்ட்டுன்னா 2,20,000 பிஎஸ்ஐ இழுவிசைத் திறன், எல்19ங்கற உலோகம்னா 2,60,000. நம்பர் பெருசா இருக்குன்னு எல்19ஐ கேட்டு வாங்கறாங்க. அது ஈரத்துக்கு ஆகாத உலோகம், துருவோ வியர்வையோ பட்டா உள்ளுக்குள்ளயே விரிசல் விடும், எப்பவும் எண்ணெய் பூசியே வைக்கணும், வெறும் கையால தொடக்கூடாதுன்னு யாராவது சொல்றாங்களா? மாசத்துக்கு ஒரு தடவ எடுத்து ஓட்டற வண்டிக்கு, மத்த நாளெல்லாம் ஈரம் இறங்கற கொட்டகையில நிக்கற வண்டிக்கு, அதப் பெருமையா மாட்டி விடறாங்க.

போல்ட்டோட வர்ற அந்த அட்டையப் பாத்திருக்கீங்களா? எவ்வளவு விசையா முறுக்கணும்னு டார்க் அளவு ஒண்ணு போட்டிருக்கும். என்ன தடவிக்கிட்டு முறுக்கணும்? இன்ஜின் ஆயிலா, மாலி கிரீஸா, அவங்களோட சொந்த லூப்பா (வழுக்க வைக்கற பசை)? சில அட்டையில அது இருக்காது. லூப் மாறினா அதே டார்க்குல பிடிப்பு தாறுமாறா மாறும். போல்ட் ஒரு ஸ்ப்ரிங் மாதிரி. அது எவ்வளவு நீளுதோ அவ்வளவுதான் அது பிடிக்கற பிடி. அதனாலதான் ஸ்ட்ரெச் கேஜ் வச்சு அளக்கறது. போல்ட்டோட ரெண்டு முனையிலயும் இருக்கற சின்னக் குழியில கேஜ உக்கார வச்சு, முள்ள சுழியத்துல நிறுத்தி, மெதுவா முறுக்கணும். டார்க் ரென்ச் டிக்குன்னு சத்தம் போட்டு நிக்கும், முள்ளு பாதி வழியில நிக்கும். கழட்டி, லூப் தடவி, மறுபடி முறுக்கினா அதே டார்க்குல முள்ளு இன்னும் தள்ளி நிக்கும். இத ஒரு தடவ நேர்ல பாத்தவங்க அப்புறம் டார்க் நம்பர மட்டும் நம்பி கேப்ப மூட மாட்டாங்க. அந்த ஸ்ட்ரெச் அளவையே அட்டையில போடாதவங்கள என்னன்னு சொல்றது?

பிடிப்பு மாறினா பிக் எண்ட், அதான் கிராங்க பிடிக்கற கீழ் முனை, ஓட்டையோட வட்டமும் மாறும். பழைய ராடுல நல்ல போல்ட்ட மட்டும் மாத்திட்டு, அந்தப் புது இறுக்கத்துல போர் கேஜ் வச்சுப் பாக்காம, தேவைப்பட்டா ஹோன் பண்ணாம (உள்பக்கத்த தேச்சு வட்டமாக்காம) பேரிங்க உக்கார வைக்கறாங்க. கிராங்குல ராடு உக்கார்ற 48 மில்லி ஜர்னலுக்கு ஆயில் இடைவெளியே 0.05 மில்லி சுத்திதான். அதுல ஓட்டை ஒரு பக்கம் 0.02 நசுங்கியிருந்தா என்ன மிச்சம்? பேரிங் பிடிச்சதும் "ஆயில் சரியில்ல"ன்னு பழியத் தூக்கி ஆயில் மேல போடறது.

பொருந்துதான்னு பாக்கறதும் வாங்கறவர் தலையிலதான். ஃபோக்ஸ்வேகனோட 1.8 டர்போவுலயே பிஸ்டன் பின் 20 மில்லி வந்த இன்ஜினும் உண்டு, 19 மில்லி வந்ததும் உண்டு. இன்ஜின் பேர மட்டும் கேட்டு ராடு அனுப்பறாங்க. போல்ட் தலை பிளாக்குல இடிக்குதா, அடியில இருந்து பிஸ்டனுக்கு எண்ணெய் பீச்சற ஆயில் ஜெட்டுல உரசுதா, ஓரம் சாய்ச்சு வெட்டின சேம்ஃபர் பக்கம் கிராங்கோட வளைவப் பாத்து நிக்குதா, எல்லாத்தையும் நாமதான் கையால சுத்திப் பாக்கணும்.

எடை விஷயத்துலயும் ஏமாத்து. "ஒரு கிராமுக்குள்ள மேட்ச்"னு போடறாங்க. மொத்த எடையா, மேல் முனை தனி, கீழ் முனை தனியா? மேல் முனை ஏறி இறங்குது, கீழ் முனை சுத்துது. மொத்தம் சமமா இருந்தும் ரெண்டு முனையும் மாறி இருந்தா அந்த மேட்ச்சுக்கு என்ன மதிப்பு?

ராடு வாங்கப் போறவங்க இனிமே நம்பர மூடி வச்சுட்டுக் கேளுங்க: என் ரெட்லைன் இவ்வளவு, என் பிஸ்டனும் பின்னும் இவ்வளவு கிராம், எனக்கு உச்ச டார்க் இந்த ஆர்பிஎம்ல வருது, இதுக்கு எந்த ராடு, எந்த போல்ட்? ஸ்ட்ரெச் எவ்வளவு, எந்த லூப்? மேல் கீழ் முனை எடை தனித்தனியா குடுங்க. பதில் சொல்றவர்கிட்ட வாங்குங்க. மாட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு போல்ட்டோட வெறும் நீளத்தையும் மைக்ரோமீட்டர்ல அளந்து, எந்த ராடு எந்தப் பக்கம்னு எழுதி வச்சுக்கங்க. அடுத்த தடவ பிரிக்கும்போது அதுல 0.025 மில்லி கூடியிருந்தாக்கூட அந்த போல்ட் குப்பைக்குத்தான் போகணும், "இன்னொரு சீசன் ஓட்டிக்கலாம்"னு எவன் சொன்னாலும் கேக்காதீங்க.