மீசை முளைத்தவர்களைக் குழந்தை என்று அழைக்காதீர்கள்

திருப்பூரில், அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உள்ள 15 வயதுக்கு மேற்பட்ட மாணவர்களுக்குச் சிறப்பாசிரியையாக இருக்கிறேன். பெற்றோர் கூட்டந்தோறும், “அவன் கொழந்தைங்க டீச்சர், அவனுக்கு என்னங்க தெரியும்?” என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். பாசத்தில் சொல்வதுதான், ஆனால் அதை நம்பி வகுப்பு நடத்தினால், 17 வயதுப் பையன் இன்னும் ஆப்பிள் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டுதான் இருப்பான்.

அதனால் என் வகுப்பில் பனியனில் பிசிறு வெட்டவும், அளவு பார்த்துப் பிரிக்கவும், மடித்து அடுக்கவும் பழக்குகிறேன். பத்துக்கு மேல் எண்ணத் தடுமாறிய ஒருவனுக்காக மேசையில் சாக்பீஸால் 12 கட்டங்கள் வரைந்து, கட்டத்துக்கு ஒன்றாக வைக்கச் சொன்னேன். எல்லாம் நிரம்பினால் ஒரு டஜன். ஆண்டுக்கணக்கில் நோட்டில் வராதது இரண்டே வாரத்தில் மேசையில் வந்தது. (எனக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும்.) அவன் டவுன் பஸ்ஸில் தனியாக ஏறிய முதல் நாள், அவன் அம்மா ஸ்கூட்டியில் பின்னாலேயே வந்தது இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

இவற்றைவிடக் கடினமானது உடலைப் பற்றிய பாடம். ஆறு வயதில் எல்லோரையும் கட்டிப்பிடித்தபோது ரசித்த உறவினர்களே, 16 வயதில் அதையே செய்தால் முகம் சுளிக்கிறார்கள். இடையில் யாரும் அவனுக்கு வணக்கம் சொல்லக்கூடக் கற்றுத்தரவில்லை. பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறைக் கதவைத் தாழிடவும், நாப்கின் மாற்றவும், பிடிக்காத தொடுதலுக்கு “வேண்டாம்” என்று உரக்கச் சொல்லவும் மாதக்கணக்கில் பயிற்சி தர வேண்டியிருக்கிறது. குழந்தைதானே என்று இதைத் தள்ளிப்போடும் வீடுகளை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 18 வயது வரை இலவசக் கல்விக்கு வழி செய்கிறது. அரசு வேலைக்கான 4 விழுக்காடு இடஒதுக்கீட்டிலும் இவர்களுக்குப் பங்கு உண்டு. ஆயினும் 18 முடிந்ததும் பலர் டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த வயதுக்குப் பின் பெற்றோரும் தாமாகவே சட்டப்படியான பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை, 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியரைக் கொண்ட உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்றால், பலர் வியப்போடு பார்க்கிறார்கள்.

அந்த டஜன் பையன் இப்போது ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறான். முதல் மாதச் சம்பளத்தை அவன் அப்பாவிடம் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் காலையிலேயே வந்து, “எங்காசு எங்கீங்க டீச்சர்?” என்று கேட்டான். கம்பெனியில் பேசிவிட்டேன், அடுத்த முறை அவன் கையிலேயே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் அவனுக்கு நோட்டுகளை எண்ணப் பழக்க வேண்டும்; மேசையில் புதிய கட்டங்கள் வரைந்து வைத்திருக்கிறேன்.