புள்ளிக் கணக்கு

செட்டிநாட்டில் கானாடுகாத்தான். மாலை நான்கு மணி. முகப்புத் திண்ணையில் அப்பத்தா. மடியில் சுளகு, சுளகில் உளுந்து. எதிரே தேக்குத் தூணில் சாய்ந்து, போனும் கையுமாகப் பேரன் சொக்கு. இருவருக்கும் நடுவே ஆத்தங்குடிக் கல் தரையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி.

அப்பத்தா: இது எந்த வாசலுக்கு வந்தது தெரியுமா? பின் வாசலுக்கு. அந்தப் பையன் அடுத்த தெருவில் நின்றுகொண்டு போன் போடுகிறான். வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு எல்லாம் தாண்டிப் போய் வாங்கி வருவதற்குள் என் முட்டி கழன்றுவிட்டது.

சொக்கு: ஆனால் டெலிவரி இலவசம் அப்பத்தா!

அப்பத்தா: நடந்தவள் நானல்லவா? சரி, பிரி.

(பிரிக்கிறான். காகிதம். காற்றடைத்த பிளாஸ்டிக் பை. மறுபடியும் காகிதம். அடியில் உள்ளங்கை அளவில் ஒரு சார்ஜர். அதன் பக்கத்தில், சிவப்பாக, ஒரு சிலிகான் கரண்டி.)

அப்பத்தா: சார்ஜர் சரி. இந்த ரப்பர் கரண்டி எதற்கு? நீ என்றைக்கடா அடுப்படிப் பக்கம் வந்தாய்?

சொக்கு: கரண்டிக்காக வாங்கவில்லை. சார்ஜர் 349. மொத்தம் 499க்கு மேல் போனால்தான் டெலிவரி இலவசம். இல்லையென்றால் 40 ரூபாய் தண்டம். அதனால் 199க்கு இதையும் கூடையில் போட்டேன்.

அப்பத்தா: 40 ரூபாயைக் காப்பாற்ற 199 ரூபாய்.

சொக்கு: கரண்டி மிச்சம்தானே!

அப்பத்தா: டெலிவரிக்கு என்று வருஷத்துக்கு 1,499 சந்தா கட்டினாயே, அது என்ன ஆயிற்று?

சொக்கு: அது வேறு கடை. அங்கே இதே சார்ஜர் 20 ரூபாய் அதிகம்.

அப்பத்தா: சம்பந்தம் பண்ணியது ஒரு வீட்டில், மொய் எழுதுவது இன்னொரு வீட்டிலா? அந்தக் கடையில் இந்த வருஷம் எத்தனை தடவை வாங்கினாய்?

சொக்கு: (போனில் தேடி) இருபத்திரண்டு.

அப்பத்தா: (சுளகை ஒரு தட்டுத் தட்டிவிட்டு) தடவைக்கு 40 என்றால் 880. உனக்கு இன்னும் 619 வர வேண்டும்.

சொக்கு: சந்தாவில் படமும் பார்க்கலாம் அப்பத்தா.

அப்பத்தா: பேர் போடும்போதே குறட்டை விடுகிறாய், உனக்குப் படம் வேறா? அடுத்த வருஷம் கட்டாதே.

சொக்கு: நான் எங்கே கட்டுகிறேன்? அதுவே எடுத்துக்கொள்ளும். 15,000 வரைக்கும் ஓடிபி கூடக் கேட்காது. ஆனால் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் சொல்லிவிட வேண்டும். ரிசர்வ் வங்கி உத்தரவு.

அப்பத்தா: திருட வருகிறவன் முதல் நாளே சொல்லி அனுப்புகிறான். நீ என்ன பண்ணுகிறாய்?

சொக்கு: அந்த மெசேஜைப் பார்க்கவே மாட்டேன். தினமும் நூறு வருகிறது.

(அப்பத்தாவின் அப்பச்சி, அதாவது அப்பா, ரங்கூனில் வட்டிக்குப் பணம் கொடுக்கும் ஒரு லேவாதேவிக் கடையில் மேலாளாக இருந்தவர். மூன்று வருஷக் கணக்கு முடித்து ஊருக்கு வந்தால் ஐந்தொகையில் தம்படி பிசகாது. அவருடைய கொள்ளுப்பேரன் சொக்கு என்பதை அப்பத்தா மாதம் இரண்டு முறையாவது வருத்தத்தோடு நினைத்துக்கொள்வார். இது அந்த இரண்டில் ஒன்று.)

சொக்கு: இதற்கே இப்படி என்றால் என் கார்டைப் பற்றிச் சொன்னால் அசந்துபோவீர்கள். எது வாங்கினாலும் ஐந்து சதவீதம் கேஷ்பேக். இந்த 548க்கு 27 ரூபாய் 40 காசு திரும்பி வரும்.

அப்பத்தா: கார்டு சும்மா கொடுத்தானா?

சொக்கு: வருஷத்துக்கு 500. அது போக ஜிஎஸ்டி 90. ஆனால் வருஷத்தில் இரண்டு லட்சம் செலவழித்துவிட்டால் அந்த 590 தள்ளுபடி.

அப்பத்தா: அடேயப்பா. இரண்டு லட்சத்தை விட்டெறிந்து 590ஐப் பிடிக்கிறாயா? அதற்குத்தான் போன மாதம் அந்த 24,000 ரூபாய் போனா?

சொக்கு: அது தவணை. மாதம் 4,000, ஆறு மாதம். வட்டியே கிடையாது. நோ காஸ்ட் இஎம்ஐ.

அப்பத்தா: வட்டி இல்லாமல் கடன் கொடுக்கிறவன் உலகத்தில் மாமனார் ஒருத்தர்தான். உனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. எங்கோ ஒளித்திருப்பான், பில்லைப் பார்.

சொக்கு: (தலையைச் சொறிந்துகொண்டு) வட்டி இருக்கிறது. அந்தத் தொகையைக் கடைக்காரன் முதலிலேயே விலையில் கழித்துவிடுவான். அப்புறம் வங்கி அதை மாதா மாதம் வட்டியாக வாங்கிக்கொள்ளும். கூட்டிக் கழித்தால் சரியாகிவிடும். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி மட்டும் நம் தலையில். அப்புறம் ஏதோ பிராசஸிங் கட்டணம். பூஜ்ய வட்டி என்று ஒன்றே கிடையாது என்று 2013லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. ஆனால் இது பூஜ்ய வட்டி இல்லை அப்பத்தா, நோ காஸ்ட்!

அப்பத்தா: பாகற்காய்க்குப் பலாப்பழம் என்று பேர் வைத்தாயா? ஒரு மாதம் பணம் கட்ட மறந்தால்?

சொக்கு: பாக்கிக்கு மாதம் மூன்றரைக்கு மேல் போகும்.

அப்பத்தா: (உளுந்து சிதற) மாதத்துக்கு மூன்றரை வட்டியா! நாங்கள் வாங்கியிருந்தால் ஊரே காறித் துப்பியிருக்கும். இவர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு வாங்குகிறார்களா?

சொக்கு: எல்லாவற்றையும் தப்பாகவே பார்க்காதீர்கள். நல்ல வித்தையும் இருக்கிறது. வேண்டியதைக் கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் இரண்டு நாள் சும்மா இருக்க வேண்டும். பல சமயம் அவர்களே கூப்பன் அனுப்பிக் கூப்பிடுவார்கள்.

அப்பத்தா: இது வித்தையா? சந்தையில் கத்தரிக்காய்க்காரியிடம் விலை கேட்டுவிட்டு நாலு எட்டு நடந்தால் தன்னால் கூப்பிடுவாள். நான் அறுபது வருஷமாக நடக்கிறேன். இதில் மட்டும் நீ நம் வீட்டுப் பிள்ளை. ஆனால் வேண்டாத சாமானை வாங்கி அடுக்குகிற புத்தி யாரிடமிருந்து வந்தது?

(சொக்கு பேசவில்லை. மெதுவாகத் திரும்பி, வளவில் பூட்டியிருக்கும் சாமான் அறையைப் பார்த்தான். அப்பத்தாவும் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது.)

சொக்கு: உள்ளே எத்தனை தூக்குவாளி அப்பத்தா?

அப்பத்தா: அது சீர்.

சொக்கு: எத்தனை?

அப்பத்தா: எவர்சில்வரில் நாலு டஜன். எனாமலில் ஒன்றரை. பித்தளையைச் சேர்க்காதே.

சொக்கு: கரண்டி?

அப்பத்தா: (உளுந்தில் கல் பொறுக்கியபடி) எண்ணியதில்லை.

சொக்கு: ஒன்றாவது அடுப்பைப் பார்த்திருக்குமா?

அப்பத்தா: நான் ஒன்றும் டெலிவரி மிச்சம் பிடிக்க வாங்கவில்லை. வண்டி கட்டி வந்தது.

(இந்த நேரத்தில் அப்பத்தாவின் இடுப்பிலிருந்த பட்டன் போன் கீச்சென்றது.)

அப்பத்தா: இங்கிலீஷில் என்னமோ வந்திருக்கிறது. படி.

சொக்கு: (படித்துவிட்டு, குரல் இறங்கி) அது... முதல் ஆர்டருக்கு 150 ரூபாய் சலுகை கொடுத்தார்கள். என் நம்பரில் ஒரு தடவை வாங்கியாகிவிட்டது. ஒரே ஆள் இரண்டு தடவை வாங்கினால் கண்டுபிடித்துக் கணக்கைப் பூட்டிவிடுவார்கள். அதனால் உங்கள் பேரில்...

அப்பத்தா: என் பேரிலா!

சொக்கு: பயப்படாதீர்கள். உங்களுக்கு 640 புள்ளி சேர்ந்திருக்கிறதாம்.

அப்பத்தா: எனக்கா? எத்தனை?

சொக்கு: 640.

(வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நகரத்தாரில், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்களில், கல்யாணமான தம்பதி கோயில் கணக்கில் ஒரு புள்ளி. புள்ளி வரி அதன்படிதான். இருவரில் ஒருவர் போய்விட்டால் மற்றவர் அரைப்புள்ளி.)

அப்பத்தா: உன் ஐயா போன நாளிலிருந்து கோயிலில் எனக்கு அரைப்புள்ளிதானடா. இவன் யார், என்னை 640 புள்ளியாக்கினவன்? வரி எவ்வளவு கேட்கிறான்?

சொக்கு: வரி இல்லை, அவன்தான் நமக்குத் தருகிறான். நாலு புள்ளிக்கு ஒரு ரூபாய். மொத்தம் 160 ரூபாய். இந்த மாதம் முடிந்தால் காலாவதி.

அப்பத்தா: 160 ரூபாயைச் சும்மா விடுவதா? வாங்கிக் கையில் கொடு.

சொக்கு: கையில் தரமாட்டான். 500க்கு மேல் ஏதாவது வாங்கினால் அதில் கழிப்பான்.

(அப்பத்தா சுளகை இறக்கி வைத்தார். மூக்குக் கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டார்.)

அப்பத்தா: முட்டிக்கு ஒத்தடம் கொடுக்க வெந்நீர்ப் பை இருக்கிறதா, பார்.

சொக்கு: இருக்கிறது. 320.

அப்பத்தா: இன்னும் 180 வேண்டும்.

சொக்கு: ஆமாம்.

(கொஞ்ச நேரம் பேச்சில்லை. தெருவில் ஒரு பார்சல் வண்டி மெதுவாகப் போகிறது.)

அப்பத்தா: அந்த ரப்பர் கரண்டி என்ன விலை என்றாய்?