"இப்ப சுகம்தானே?"

கிட்னி மாற்றி எட்டு மாதமாகிறது. வீட்டுக்கு வருகிற எல்லாரும் கேட்பது இதைத்தான். "ஓம், சுகம்" என்பதைத் தவிர வேறென்ன சொன்னாலும் கேட்டவரின் முகம் சுருங்கிவிடும்.

உடம்பு சுகம்தான். கிழமைக்கு மூன்று தரம் டயலிசிஸுக்கு ஓடின ஓட்டம் நின்றுவிட்டது. ஆனால் முள்ளியவளைக்குத் திரும்பி வந்த முதல் மாதம் எனக்கு நித்திரையே இல்லை. வலது அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டு கிடப்பேன். பழைய கிட்னிகளை அப்படியே விட்டுவிட்டு, புதியதை அங்கேதான் வைத்திருக்கிறார்கள். அக்காவின் கிட்னி. அந்த இடம் கொஞ்சம் சுட்டாலே காய்ச்சலோ, உடம்பு அதை ஏற்கவில்லையோ என்று நெஞ்சு அடிக்கும். மகள் கொப்பி வாங்கக் காசு கேட்டதற்கு எரிந்து விழுந்துவிட்டு, கிணற்றடியில் போய் நின்று அழுதேன்.

பிறகுதான் தெரிந்தது, உடம்பு புதுக் கிட்னியைத் தள்ளிவிடாமல் இருக்கத் தருகிற பிரெட்னிசோலோன் குளுசையும் இந்த வேலையெல்லாம் செய்யுமாம். நித்திரையைக் கெடுக்கும், கோபத்தைக் கிளப்பும், முகத்தை ஊதவைக்கும். "நல்லாக் கொழுத்திட்டாய் தம்பி" என்று ஊர் மெச்சுவது அந்தக் குளுசையைத்தான்! அதே காரணத்துக்குத் தருகிற டக்ரோலிமஸ் கையை நடுங்கவைக்கும். தேத்தண்ணியை அரைக் கோப்பைக்கு மேல் ஊற்ற விடமாட்டேன். இதை ஒருவர் முதலே சொல்லியிருந்தால் விசர் பிடிக்குது என்று பயந்திருக்கமாட்டேன்.

கிளினிக் நாளில் விடியப்புறம் பஸ் ஏற வேணும். இரத்தத்தில் மருந்தின் அளவு பார்க்கவேண்டியதால், இரத்தம் எடுக்குமட்டும் காலைக் குளுசை சட்டைப் பையில் இருக்கும். இரத்தம் கேட்பார்கள், சலம் கேட்பார்கள். நித்திரை வருதா என்று ஒருவரும் கேட்டதில்லை. மனம் விட்டுப்போனவன் குளுசையையும் விட்டுவிடுவான். குளுசையை விட்டால் கிட்னி போய்விடும். அப்படியென்றால் அந்தக் கேள்வியும் கிட்னிக்கான சோதனைதானே?

எங்கடை வன்னியில் இன்னொரு வில்லங்கமும் இருக்கு. "முள்ளிவாய்க்காலுக்குள்ளாலை வந்தனாங்கள், இதென்னடா பெரிய விசயம்" என்றார் மாமா. 2009 சண்டையில் பட்ட ஷெல் பீஸ் அவர் முதுகில் இன்னும் கிடக்கிறது. மாரிக்கு உளையும், வாய் திறக்கமாட்டார். அவரோடு என்னத்தை வாதாடுவது? ஆனாலும் கவலையை எல்லாம் அந்தத் தராசிலேயே போட்டு நிறுத்தால், இங்கே பிள்ளை பரீட்சையில் தவறினதுக்குக்கூட அழக்கூடாது.

மனநலப் பிரிவுக்கும் போனேன். "விசருக்கு மருந்தெடுக்கிறானாம்" என்று ஒரு கதை ஓடியது. ஓடட்டும். கதைத்தேன், கேட்டார்கள், வந்தேன். ஒருத்தரும் கட்டிவைக்கவில்லை.

அங்கே என்னிடம் கேட்ட ஒரு கேள்விக்குத்தான் மறுமொழி இருக்கவில்லை. "அக்கா எப்படி இருக்கிறா?"

பார்க்க வந்த சனம் முழுக்க என் கட்டிலைச் சுற்றித்தான் இருந்தது. ஹோர்லிக்ஸ் எனக்கு, தோடம்பழம் எனக்கு. அக்கா குசினிக்குள் நின்று வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தா. நானும் கேட்டதில்லை. கேட்டால் அந்தக் கடன் பெரிதாகிவிடும் என்ற பயம்.

போன கிழமை, நெல் காயப்போட்டுக்கொண்டு நின்ற அக்காவிடம் போய்க் கேட்டேன். கைவேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தா.

"இடப்பக்கம் சரிஞ்சு படுக்கேலாதடா. இழுக்குது."

எட்டு மாதமாய் இழுத்திருக்கு.