‘கீஸ்டோன்ல சரி பண்ணிக்கலாம் சார்’

இந்த வாக்கியத்தை இனிமேல் யாராவது என் காதுபடச் சொன்னால், கையில் என்ன இருக்கிறதோ அதைத் தூக்கி அடித்துவிடுவேன். அது ரிமோட்டாக இருந்தாலும் சரி, காப்பி டம்ளராக இருந்தாலும் சரி. வீட்டில் படம் பார்க்க ஒரு புரொஜெக்டர் வாங்கியதிலிருந்து, பத்து நாளாக வயிறு எரிகிறது. இறக்கிவைக்க இடம் இல்லாததால் இங்கே கொட்டுகிறேன்.

எங்கள் வீடு நீடாமங்கலம் பக்கம். வெண்ணாற்றங்கரையிலிருந்து கூப்பிடு தூரம். தாத்தா கட்டியது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், கொல்லை என்று ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகும். வாசலில் நின்று பார்த்தால் கொல்லைக் கிணறு தெரியும். இப்படிப்பட்ட வீட்டில் வாசலுக்கு எதிர்ப்பக்கம் முழுச் சுவர் என்று ஒன்று கிடையாது, எல்லாம் நிலைப்படிதான். திரை மாட்ட மிச்சம் இருப்பது பக்கத்து வீட்டோடு ஒட்டிய பொதுச்சுவர் ஒன்று. கூடத்தில் அந்தச் சுவரிலிருந்து முற்றத்தின் விளிம்புவரை 10 அடி 4 அங்குலம். அதற்கு அப்பால் வானம்.

இந்த 10 அடி 4 அங்குலத்தை யாராவது கேட்டார்களா என்றால், இல்லை. தஞ்சாவூரில் ஒரு கடை. உள்ளே போனதும் ஏசி, சோபா, இருட்டறை, சுவர் முழுக்கப் படம். என் கண் விரிந்ததைப் பார்த்ததும் விற்பனையாளர் மொத்தமாகக் கேட்டது இரண்டே கேள்வி. “எத்தனை இஞ்ச் சார் வேணும்?” “நூறு.” “ஹால் பெருசா சார்?” “பெருசுதான்.” முடிந்தது. மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள்கூட இதைவிட நாலு கேள்வி கூடுதலாகக் கேட்பார்கள்.

புரொஜெக்டருக்கு ‘த்ரோ ரேஷியோ’ என்று ஒன்று இருக்கிறது. லென்ஸிலிருந்து திரைவரை உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருகிற எண். எல்லா மாடலின் விவரத்தாளிலும் அச்சிட்டிருப்பார்கள். நான் வாங்கியதற்கு 1.5. நூறு இஞ்ச் என்பது மூலைக்கு மூலை அளவு; அகலத்திரையில் அதற்கு அகலம் 87 அங்குலம். 87-ஐ 1.5-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 10 அடி 11 அங்குலம். அதாவது எனக்கு நூறு இஞ்ச் படம் வேண்டுமானால் லென்ஸ் கூடத்தைத் தாண்டி ஏழு அங்குலம் வெளியே, முற்றத்து ஆகாசத்தில் தொங்க வேண்டும். ஐப்பசி மழையில்! ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் கணக்கு இது. பில் போடும்போது ஜிஎஸ்டியைப் பைசா சுத்தமாகப் போடத் தெரிந்தவருக்கு இதைப் போடத் தெரியவில்லை. தூரம் குறைவான இடத்துக்கென்றே ‘ஷார்ட் த்ரோ’ என்று ஒரு வகை உண்டு. அந்த வார்த்தையே அந்தக் கடையில் என் காதில் விழவில்லை. என்ன வாங்குகிறோம் என்று தெரியாமல் போனது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தெரிந்தவர் என்று நம்பித்தானே கடைக்குப் போகிறோம்?

சரி, பொருள் வந்தது. மாட்டுவதற்கு ஆள் வர வேண்டும். “நாளைக்குக் காலையில வந்துடுவாங்க சார்.” மேட்டூரில் திறந்த தண்ணீர்கூடக் கல்லணை தாண்டிக் கடைமடைக்கு ஒரு கணக்கோடு வந்து சேர்ந்துவிடும். இந்த ஆள் ஆறாம் நாள், சாப்பாட்டு நேரத்தில், முன்னறிவிப்பு இல்லாமல் வந்தார். வந்தவர் கையில் டிரில் இருந்தது, ஏணி இருந்தது, காதில் ப்ளூடூத் இருந்தது. டேப் மட்டும் இல்லை. “டேப் இருக்கா சார் வீட்ல?” என்று என்னிடம் கேட்டார். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். அம்மா தையல் பெட்டியிலிருந்து துணி அளக்கிற டேப்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதைத் தோளில் மாலை மாதிரிப் போட்டுக்கொண்டாரே தவிர, கடைசிவரை அளக்கவில்லை.

எங்கள் கூடத்து மேல்தளம் கான்கிரீட் இல்லை. மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரம், அதன்மேல் வரிசையாகச் சட்டங்கள், சட்டங்களுக்கு மேல் சுண்ணாம்புக் கலவையில் நிறுத்தி அடுக்கிய செங்கல். இதில் கனமான எதையும் தொங்கவிடுவதென்றால் மரத்தில்தான் தொங்கவிட வேண்டும். ஊஞ்சல் கொக்கி அறுபது வருஷமாக உத்திரத்தில்தான் நிற்கிறது, கண்ணெதிரே தெரிகிறது. இவர் என்ன செய்தார்? சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே, செங்கலில், கான்கிரீட் பிட்டை வைத்து அழுத்தினார். பொலபொலவென்று செம்மண் நிறத்தில் பொடி கொட்டியது. கீழே தாழ்வாரத்தில் அம்மா இட்லிக்கு ஊறப்போட்டிருந்த அரிசியில் பாதி அது விழுந்தது. ஆங்கர் போல்ட் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அடுத்த துளை. அதுவும் சுற்றியது. இப்படி ஏழு துளை. எட்டாவதாக எப்படியோ சட்டத்தின் ஓரத்தில் தட்டுப்பட்டு நின்றது. அப்பா ஊஞ்சலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், “டேய், படம் காட்ட வந்தானா, புறாக்கூண்டு கட்ட வந்தானா?” என்றார்.

அடுத்தது உயரம். இங்கேதான் என் இரத்தம் கொதித்தது. மேல்தளம் 11 அடி உயரம். பெட்டியோடு வந்த ஸ்டாண்டு ஒரு அடி. அதை அப்படியே மாட்டிவிட்டார். லென்ஸ் ஒன்பதே முக்கால் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. திரையின் மேல்விளிம்போ ஏழு அடியில். என்னுடைய மாடலைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் லென்ஸ் திரையின் மேல்விளிம்பிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும், அப்போதுதான் படம் நேராக விழும். லென்ஸை மேலும் கீழும் நகர்த்துகிற ‘லென்ஸ் ஷிஃப்ட்’ வசதி இதில் கிடையாது, அது விலை கூடின மாடல்களில் வருவது. ஆக, இதற்கு மூன்றரை அடிக் குழாய் வேண்டும். “அது ஸ்டாக் இல்ல சார். நான் லேசா சாய்ச்சு விட்டுடறேன்.” சாய்த்தார். படம் மேலே குறுகி, கீழே விரிந்து, பட்டுப்பாவாடை கட்டிய சின்னப்பிள்ளை மாதிரி வந்து நின்றது.

“என்னங்க இது?” என்றேன்.

“அதெல்லாம் கீஸ்டோன்ல சரி பண்ணிக்கலாம் சார்.”

கீஸ்டோன் என்பது என்ன தெரியுமா? கோணலாக விழுகிற படத்தை, புரொஜெக்டர் தனக்குள்ளேயே எதிர்க்கோணலாக நசுக்கி அனுப்புவது. நசுக்கும்போது, படத்தை உண்டாக்குகிற சில்லில் (சிப்) இருக்கிற புள்ளிகளில் ஒரு பங்கு சும்மா கிடக்கும். மிச்சத்தில்தான் படம். 1920-க்கு 1080 புள்ளி என்று காசு கொடுத்து வாங்கிவிட்டு, அதில் ஒரு ஓரத்தைக் குப்பையில் போடுகிற வேலை. எழுத்தெல்லாம் மழையில் நனைந்த போஸ்டர் மாதிரி மங்கும். அத்தோடு, சும்மா கிடக்கிற அந்தப் புள்ளிகள் முழுக்க இருட்டாகவும் இருக்காது. படத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு வெளிச்சக் கோணல் தெரியும். இருட்டுக் காட்சி வந்தால் கண் அதற்குத்தான் போகும். வேறு வழியே இல்லாத இடத்தில் ஒரு துளி போட்டுக்கொள்ள வேண்டிய மருந்து அது. இவர் பாட்டிலையே கவிழ்த்துவிட்டார். ரிமோட்டை அழுத்த அழுத்த, திரையில் கீஸ்டோன் அளவைக் காட்டுகிற கோடு கடைசிவரை போய் முட்டி நின்றது.

இன்னொன்று. அவ்வளவு உயரத்தில் மாட்டியதால் வெளிச்சம் கூடத்து நடுவே இருக்கிற மின்விசிறியின் இறக்கையை உரசிக்கொண்டு வருகிறது. விசிறியைப் போட்டால் படத்தின் மேல்பாதி படபடவென்று துடிக்கிறது. நிறுத்தினால் கொசு. நம்ம ஊரில், வயலுக்கு நடுவே, முற்றம் திறந்த வீட்டில், விசிறி இல்லாமல் இரண்டரை மணி நேரம் உட்காரச் சொல்கிறார். “வால் ஃபேன் போட்டுக்கங்க சார்.” தாழ்த்தி மாட்டியிருந்தால் வெளிச்சம் விசிறிக்குக் கீழேயே போயிருக்கும் என்பது நின்று பார்த்தால் குழந்தைக்கும் புரியும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். கேபிள் கதைதான் பொறுக்க முடியாதது. செட்டாப் பெட்டி திரைக்குக் கீழே, புரொஜெக்டர் எதிர்ப்பக்கம் மேலே. சுவரோரமாகச் சுற்றி வர நீளமான எச்டிஎம்ஐ கேபிள் வேண்டும். அவ்வளவு தூரத்துக்குச் சாதாரணக் கம்பி நம்பகமில்லை என்று ஆப்டிக்கல் கேபிள் கொடுத்தார்கள். நல்ல விஷயம்தான். வாங்கியதிலேயே உருப்படியானது அது ஒன்றுதான். அதைக் கேசிங்கில் போட்டு, மூலைக்கு மூலை வளைத்து, ரேழி நிலைப்படிக்கு மேல் சுவரைக் கொத்தி உள்ளே விட்டு, சிமெண்டும் பூசிவிட்டார். ஆன் செய்தால் திரையில் ‘சிக்னல் இல்லை’. பெட்டியை மாற்றினார், ரிமோட்டைத் தட்டினார், மறுபடி ஆன் செய்தார். கடைசியில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “போர்டு போயிருக்கும் சார். சர்வீஸ் சென்டருக்கு அனுப்பணும். இருபது நாள் ஆகும்.”

அவர் டீ குடிக்கத் திண்ணைக்குப் போனதும் ஏணியில் ஏறினேன். செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தால், புரொஜெக்டரில் செருகியிருக்கிற முனையில் வெள்ளை எழுத்தில் ‘சோர்ஸ்’ என்று போட்டிருக்கிறது. கீழே இறங்கிச் செட்டாப் பெட்டிக்குப் பின்னால் பார்த்தால் அந்த முனையில் ‘டிஸ்ப்ளே’. ஆப்டிக்கல் கேபிள் ஒருவழிப் பாதை ஐயா! ஒரு முனை மின்சாரத்தை ஒளியாக்கும், மறுமுனை ஒளியைத் திரும்ப மின்சாரமாக்கும். தலைகீழாகப் போட்டால் எந்தக் காலத்திலும் வேலை செய்யாது. அதனால்தான் முனைக்கு முனை எழுதி வைத்திருக்கிறார்கள். ஆள் திரும்பி வந்ததும் காட்டினேன். பார்த்தார். “அட, ஆமா சார்” என்றார். சிரித்தார். சிரித்தார்! பூசிய சிமெண்டு அப்போதுதான் காய ஆரம்பித்திருந்தது.

கேபிளைத் திருப்பிப் போட வைத்து, அன்றைக்கு அவரை அனுப்பிவிட்டேன். கடைக்குப் போன் போட்டால், “ஸீலிங் சரியில்லாத வீடுன்னு டெக்னீஷியன் ரிப்போர்ட் கொடுத்திருக்கார் சார்” என்கிறார்கள். நூறு புயல் மழையைப் பார்த்த தேக்கு உத்திரம் சரியில்லையாம்.

மறுநாள் தெருக்கோடி ஆசாரியைக் கூப்பிட்டேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். புரொஜெக்டர் என்றால் கல்யாண மண்டபத்தில் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். மேலே ஐந்து நிமிஷம் அண்ணாந்து பார்த்தார். “தம்பி, முதல்ல அதக் கழட்டிக் கையில புடிச்சுக்கிட்டு ஏணியில நில்லுங்க. படம் சுவத்துல எங்க விழுது பாப்போம். அப்புறம் எங்க தொங்கணுமோ அங்க தொங்கவிடுவோம்.” நின்றேன். கை கடுத்தது. அப்பா ரிமோட்டைப் பிடித்தார், என் பெண் சுவரில் பென்சிலால் மூலைகளைக் குறித்தாள். ஆசாரி தூக்குக்குண்டு விட்டுத் திரையின் நடுவுக்கும் லென்ஸின் நடுவுக்கும் நேர்க்கோடு பிடித்தார். இரண்டு சட்டங்களை இணைத்து ஒரு பூவரசம் பலகை, பலகையிலிருந்து வெல்டிங் பட்டறையில் வெட்டி வாங்கிய மூன்றரை அடிக் குழாய். கீஸ்டோன் பூஜ்யம். விசிறி சுற்றுகிறது, படம் துடிக்கவில்லை. எழுத்து கத்தி மாதிரி நிற்கிறது. மாடியில் பெண் ஓடினால் படம் கொஞ்சம் குதிக்கிறது, மரத்தளம் என்றால் அப்படித்தான். அதற்குக் குழாய்க்கும் பலகைக்கும் நடுவே சைக்கிள் டியூபை வெட்டி வைத்துத் தருகிறேன் என்றிருக்கிறார்.

ஏணியில் நின்று பிடித்துப் பார்ப்பது. அவ்வளவுதான் விஷயம். டிரில்லை எடுக்கும் முன் பத்து நிமிஷம். டிகிரி படித்தவர், கம்பெனி டிரெயினிங் போனவர், சட்டையில் லோகோ போட்டவர் யாருக்கும் தோன்றவில்லை.

ஆனால் தூரத்தை ஆசாரியாலும் நீட்ட முடியாதே. புரொஜெக்டரின் உடம்பும் ஒயரும் கூடத்துக்குள் அடங்க வேண்டும் என்பதால் லென்ஸ் ஒன்பது அடியில் நிற்கிறது. 108 அங்குலத்தை 1.5-ஆல் வகுத்தால் 72. அகலம் அவ்வளவுதான். அதாவது நூறு இஞ்ச் திரையில், மூலைக்கு மூலை எண்பத்திரண்டரை இஞ்ச் படம். சுற்றிலும் துக்கக் கடிதாசி மாதிரி ஒரு விளிம்பு, அது வெள்ளையாக இருப்பது ஒன்றுதான் வித்தியாசம்.

பகலில் முற்றத்து வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. முற்றத்துக்குக் கறுப்புத் துணி கட்டலாமா என்று கேட்டேன். அம்மா பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. சரி, ராத்திரிதான் என்று போட்டால் பச்சைத் தத்துப்பூச்சி. சம்பாப் பயிர் வளர்ந்து நிற்கிற மாதம், சுற்றிலும் வயல். வயலில் பூச்சி பிடிக்க விளக்குப்பொறி வைப்பார்கள். நான் கூடத்தில் பெரிதாக ஒன்று வைத்திருக்கிறேன். லென்ஸுக்கு முன்னால் ஒரு பூச்சி நடந்தால் திரையில் எருமைக்கன்று அளவு நிழல் ஓடுகிறது. அதைப் பிடிக்கப் பல்லி வருகிறது. நேற்றைக்கு மேட்சில் பேட்ஸ்மேன் முகத்தில் நாலு ஓவர் பல்லி உட்கார்ந்திருந்தது. மழை பிடித்ததும் கரண்டு போனது. விளக்கு சூட்டோடு அணைந்ததால் கரண்டு வந்த பிறகும் உடனே எரிய மாட்டேன் என்கிறது, ஆறட்டும் என்று காத்திருக்கச் சொல்கிறது. இதற்கு ஒரு யூபிஎஸ் வேண்டும் என்று கடையில் ஒரு வார்த்தை சொன்னார்களா? அப்பா எழுந்து ரேழியில் இருக்கிற பழைய டிவிக்குப் போய்விட்டார்.

இன்றைக்குக் காலையில் கடையிலிருந்து போன். “சார், இன்ஸ்டலேஷன் திருப்தியா? அஞ்சு ஸ்டார் போடுவீங்களா?” நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அம்மா பின்னாலிருந்து கேட்கிறாள்: “ஏண்டா, அந்தத் திரையில சுத்தி சும்மா கிடக்குதே வெள்ளை, அதுல ஒரு காலண்டர் மாட்டிக்கட்டுமா?”