முதலில் சொன்ன நாட்டுக்கே முதல் அடி

2021 நவம்பர் 24. புதுவகை கொரோனா ஒன்று பரவுகிறது என்று தென்னாப்பிரிக்கா உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவித்தது. அதற்கு ஒமிக்ரான் என்று பெயர் வைத்தது 26ஆம் தேதி. அதற்கு முந்தைய நாள் இரவே தென்னாப்பிரிக்கா உட்பட ஆறு நாடுகளின் விமானங்களுக்குப் பிரிட்டன் தடை அறிவித்தாயிற்று. அமெரிக்கா எட்டு நாடுகளுக்குக் கதவைச் சாத்தியது.

இதில் கூத்து என்னவென்றால், நவம்பர் 19, 23 தேதிகளில் நெதர்லாந்தில் எடுத்த மாதிரிகளிலேயே ஒமிக்ரான் இருந்தது பிறகு தெரியவந்தது. அதற்காக அமெரிக்கா ஐரோப்பாவுக்குக் கதவைச் சாத்தவில்லை. இங்கே விமானங்கள் நின்றதால் பரிசோதனைக்கு வேண்டிய ரசாயனங்கள் வந்து சேருமா என்று தென்னாப்பிரிக்க ஆய்வகங்கள் கவலைப்பட வேண்டியிருந்தது. நல்ல மரியாதை!

நமக்கும் இது புதிதல்ல. 1994இல் சூரத்தில் பிளேக் வந்தபோது இறந்தவர்கள் அறுபது பேருக்கும் குறைவு. பயணத் தடை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் வளைகுடா நாடுகள் விமானங்களை நிறுத்தின. ஏற்றுமதியும் சுற்றுலாவும் படுத்தன.

எல்லையில் சோதனையே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. ஆப்பிரிக்கா போய் வருகிறவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை கேட்கிறார்களே, அது நியாயம். அந்த நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் ஊரில் மண்டிக்கிடக்கிறது, வைரஸ் மட்டும்தான் இன்னும் வரவில்லை. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் ஒரு ஊசி போட்டுக்கொண்டால் ஆயுளுக்கும் செல்லும். அட்டை இல்லாமல் வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமை. நோய் வெளியே தெரிய அதிகபட்சம் ஆறு நாள் ஆகும் என்பதுதான் அந்தக் கணக்கு. ஒமிக்ரான் சமயத்தில் இந்தியாவும் ஆபத்துப் பட்டியல் ஒன்று போட்டது. அதில் தென்னாப்பிரிக்காவோடு பிரிட்டனும் ஐரோப்பிய நாடுகளும் இருந்தன. வந்தவர்களுக்குப் பரிசோதனை, அப்புறம் ஏழு நாள் வீட்டுத் தனிமை. இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

சார்ஸ் நோயைச் சீனா மாதக்கணக்கில் மூடிமறைத்த பிறகுதான் 2005இல் சர்வதேச சுகாதார விதிகளைத் திருத்தி எழுதினார்கள். சர்வதேச அவசரநிலை ஆகக்கூடிய நோய் என்று கணித்தால் 24 மணி நேரத்துக்குள் நாடு தகவல் சொல்ல வேண்டும். அதேபோல, போக்குவரத்தைப் பெரிய அளவில் தடுக்கும் நாடு 48 மணி நேரத்துக்குள் அதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். இரண்டாவதை மீறினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. தண்டனை எதுவும் விதியில் கிடையாது. ஆனால் முதலாவதற்குக் கட்டுப்பட்டு வாயைத் திறக்கும் நாட்டுக்குச் சந்தை உடனே தண்டனை கொடுத்துவிடுகிறது. அடுத்த முறை ஒரு ஏழை நாட்டின் சுகாதார அமைச்சர், கையில் ஆய்வக அறிக்கையை வைத்துக்கொண்டு, இரண்டு வாரம் பொறுத்துப் பார்ப்போம் என்று நினைத்தால் அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

2025 மே மாதம் பெருந்தொற்று ஒப்பந்தம் ஒன்றை உலக சுகாதார சபை ஏற்றது. கிருமி மாதிரிகளைக் கொடுக்கும் நாடுகளுக்குத் தடுப்பூசியில் என்ன பங்கு என்ற முக்கியமான பகுதியை மட்டும், தனி இணைப்பாகப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று அன்றைக்குத் தள்ளிவைத்தார்கள். பங்கோடு விட்டால் போதாது என்பது என் கட்சி. முதலில் தகவல் சொல்லும் நாட்டுக்குப் பரிசோதனைப் பொருள்கள் முதலில் போக வேண்டும். அறிவியல் காரணம் காட்டாமல் விமானத்தை நிறுத்தும் நாடு நஷ்டஈடு கட்ட வேண்டும்.