சர்க்கரையை நிறுத்தினால் ஏடிஹெச்டி போய்விடாது

"ஏடிஹெச்டி இனிப்பால் வருவது. ஒரு மாதம் சர்க்கரையை நிறுத்துங்கள். வகுப்பில் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வையுங்கள், பிள்ளை அடங்கிவிடும்." கடலூர்ப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தியில் இரண்டு பாதியுமே தவறு. ஏடிஹெச்டி என்பது பிள்ளைக்குக் கவனம் நிற்காமலோ, ஓரிடத்தில் அடங்கி உட்கார முடியாமலோ, இரண்டும் சேர்ந்தோ இருக்கும் நிலை.

1995-இல் 23 சோதனைகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சர்க்கரை பிள்ளைகளின் நடத்தையை மாற்றவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு வந்த ஓர் ஆய்வு இன்னும் தெளிவானது. சிறுவர்கள் யாருக்கும் சர்க்கரை கொடுக்கவில்லை. ஆனால் "உங்கள் பையனுக்குச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம்" என்று சொல்லப்பட்ட அம்மாக்கள், பிள்ளை அதிகம் துள்ளுவதாக மதிப்பிட்டார்கள். பல்லுக்காக இனிப்பைக் குறைப்பது நல்லதுதான். ஆனால் ஏடிஹெச்டி மூளை வளர்ச்சி சார்ந்தது, பெரும்பாலும் மரபுவழி வருவது. அம்மா அப்பா வளர்ப்பில் குற்றம் தேட வேண்டாம்.

கடைசி பெஞ்ச் யோசனைதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. ஆசிரியருக்கும் பிள்ளைக்கும் நடுவே நாற்பது தலைகள் இருந்தால் கவனம் எப்படி நிற்கும்? முன் வரிசையில், ஜன்னலுக்கும் கதவுக்கும் தள்ளி உட்கார வையுங்கள். "நோட்டை எடு, தேதி போடு, மூன்றாம் கணக்கைச் செய்" என்று ஒரே மூச்சில் சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். முடித்ததும் உடனே பாராட்டுங்கள். நடுவில் கரும்பலகை அழிக்க அனுப்புங்கள். தண்டனையாக விளையாட்டு பீரியடைப் பிடுங்காதீர்கள், அந்த ஓட்டம் அவனுக்குத் தேவை. அப்புறம், அடிப்பதும் அவமானப்படுத்துவதும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி தடை செய்யப்பட்டவை.

சந்தேகம் இருந்தால் பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகும்போது வகுப்பு ஆசிரியரிடம் ஒரு குறிப்பு எழுதி வாங்கிச் செல்லுங்கள். வீட்டில், பள்ளியில் இரண்டிலும் எப்படி என்று டாக்டர் கட்டாயம் கேட்பார்.