மொத்தம் எத்தனை லைன்?

மொரீஷியஸின் ஐ.டி. வளாகமான எபேன் சைபர்சிட்டியில் எங்கள் மேலாளருக்கு மாதக் கடைசி வந்தால் ஒரே கேள்விதான்: "நம்ம புராஜெக்ட்ல மொத்தம் எத்தனை லைன் இருக்கு?" இந்தத் தடவை தைப்பூச விடுமுறைக்கு முந்தின நாள் சாயங்காலம், பையைத் தூக்கும் நேரமாகப் பார்த்துக் கேட்டார்.

லைன் என்றால் நாங்கள் எழுதும் கம்ப்யூட்டர் நிரலின் வரி. அதில் எந்த லைனைச் சொல்வது? ஃபைலில் உள்ள வரிகளை எண்ணும் 'டபிள்யூசி' (wc) கட்டளை காலி வரியையும் சேர்த்து எண்ணும். நிரல் வரிகளை எண்ணும் கருவியான 'குளாக்' (cloc) காலி வரி, கமென்ட் எனும் விளக்கக் குறிப்பு, நிரல் வரி என்று தனித்தனியாகப் பிரித்துத் தரும். ஆனால் மற்றவர்கள் எழுதிய நிரல்களை இறக்கி வைக்கும் நோட் மாட்யூல்ஸ் (node_modules) ஃபோல்டரை விலக்கச் சொல்லாவிட்டால், ஊரில் யார் யாரோ எழுதியதெல்லாம் நம் கணக்கில் ஏறிவிடும். அந்த எண்ணைப் பார்த்தால்தான் அவர் முகம் மலர்கிறது, அது வேறு விஷயம்.

அப்புறம், ஒரே இஃப் நிபந்தனையை ஒருவர் ஒரு வரியில் முடிப்பார். அடுத்தவர் அடைப்புக்குறிகளைத் தனித்தனியாக இறக்கி நாலு வரியாக்குவார். யார் அதிகம் உழைத்தவர்?

எண்ணுவதே தப்பு என்று சொல்லவில்லை. மென்பொருள் வல்லுநர் டேவிட் வீலர் 2001-இல் ரெட் ஹாட் லினக்ஸ் 7.1 என்ற இயங்குதளத்தின் நிரலை எண்ணி, காலி வரியும் கமென்டும் போக 3 கோடி வரிக்கு மேல் என்றார். வரி எண்ணிக்கையை வைத்து உழைப்பைக் கணிக்க பேரி போம் 1981-இல் வெளியிட்ட கோகோமோ முறைப்படி, ஒருவரே செய்தால் 8,000 ஆண்டுக்கு மேல் பிடிக்கும் உழைப்பு என்றும் மதிப்பிட்டார். எதைச் சேர்த்தோம், எதை விட்டோம் என்று விளக்கமாக எழுதிவைத்த கணக்கு அது.

எங்கள் எக்செல் கட்டத்தில் அதற்கெல்லாம் ஏது இடம்? போன மாதம் சக ஊழியர் ஒருவர், மூன்று இடத்தில் சிதறிக் கிடந்த வாட் (VAT) வரிவிதிப்புக் கணக்கை ஒரே ஃபங்ஷனாக்கினார். எண் குறைந்தது. "ஏம்மா, இந்த மாசம் வேலையே நடக்கலையா?" என்று அவரையே கேட்டார் மேலாளர்.